பத்து எண்ணுமுன் வந்த நிறம்

கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால் டொக்டர் முனாப் நடத்திவந்த டிஸ்பென்சரிக்குப் போய்வந்தவர்கள் கைருன்னிஸாவைப் பற்றி ஒரே ஒரு குறைதான் சொல்வார்கள். சலம், சிறுநீர்தான், சோதிக்கக் கொண்டுபோன போத்தலைக் கையில் வாங்க முன்னம் ஆயிரம் கேள்வி கேட்பாள். காலையில் என்ன தின்றீர்கள், நேற்று இரவு என்ன தின்றீர்கள், தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி, போத்தலை யார் கழுவினது, எதால் கழுவினது. போத்தலைக் கொடுத்துவிட்டு ஓடித் தப்புவோம் என்று வெட்கத்தோடு வந்து நிற்கிற ஆளை வாங்குப் பலகையில் இருத்தி வைத்து விசாரணை நடத்துவாள். "பொலிசுக்குப் போனாலும் இவ்வளவு கேக்க மாட்டாங்க" என்று சனம் முணுமுணுக்கும். அவள் காதில் விழாத மாதிரி எழுதிக்கொண்டிருப்பாள். அவளுடைய பெரிய ரெஜிஸ்டரில் பெயர், வயது, ஊர், சோதனை முடிவு என்ற நிரல்களோடு அவளே கோடு கிழித்துப் போட்ட ஒரு நிரல் இருந்தது. அதன் தலையில் 'ஆள் சொன்னது' என்று எழுதியிருந்தாள். அது நிரம்பாமல் சோதனைக் குச்சி போத்தலுக்குள் இறங்காது. அந்த நிரல் சும்மா வரவில்லை.

கைருன்னிஸா சாய்ந்தமருதுக்காரி. வாப்பாவுக்குக் கடல்தான் தொழில். கரைவலையில் ஒரு பங்கு, வலை போடாத நாளில் தூண்டில். ஐந்து பிள்ளைகளில் இவள் ஒருத்திதான் உயர்தரம் விஞ்ஞானம் படித்தாள். இரண்டு தரம் சோதினை எழுதியும் பல்கலைக்கழகம் கொஞ்சப் புள்ளியில் கைநழுவிப் போனது. பிறகென்ன, கலியாணம். மாப்பிள்ளை கச்சிமுகம்மது கல்முனைச் சந்தையில் கருவாட்டு வியாபாரி. படித்தது எல்லாம் கருவாடு சுற்றுகிற கடதாசிக்குத்தானா என்று அவள் மனம் வெந்துகொண்டிருந்த நேரத்தில்தான், எழுபத்தொன்பதில், டொக்டர் முனாப் ஆள் தேடினார்.

அவருக்கு வந்த இடைஞ்சல் வேறு. டிஸ்பென்சரியில் சோதனை செய்ய ஒரு ஆண்பிள்ளையை வைத்திருந்தார். எங்கள் ஊர்ப் பெண்கள் போத்தலை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு வருவார்கள், மேசையில் ஆம்பிளை இருப்பதைக் காண்பார்கள், அப்படியே கிறுகித் திரும்பிப் பஸ் ஏறிவிடுவார்கள். நோய் வருத்தத்தோடு வீட்டில் கிடந்தாலும் கிடப்பார்களே தவிர, அந்தப் போத்தலை ஒரு ஆம்பிளை கையில் கொடுக்க மாட்டார்கள். கைருன்னிஸா வந்து இருந்த முதல் கிழமையே வாங்கு நிறைந்தது. அவள் தாதி இல்லை. ஆனாலும் எல்லாரும் 'மிஸி' என்றார்கள். அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்த நாளில் சீனி வருத்தம் என்கிற நீரிழிவைப் பார்ப்பது நீலத்தண்ணியால். செம்புச் சத்துக் கலந்த நீல மருந்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, எட்டுத் துளி சலம் சேர்த்து, ஸ்பிரிட் லாம்பில் கொதிக்க வைக்க வேண்டும். சீனி இல்லை என்றால் நீலம் நீலமாகவே நிற்கும். இருந்தால் பச்சை, மஞ்சள், கூடினால் செங்கல் நிறம். ஒரு போத்தலுக்குப் பத்து நிமிடம் போகும். கொதிக்கிற நாற்றத்தில் அவளுக்குப் பகல் சோறு இறங்காது. ஆனால் அவள் கை துப்புரவு, கண் கூர்மை. ஒரு நாளும் ஒரு குழாய் வெடித்ததில்லை.

எண்பத்திரண்டில் டொக்டரின் தம்பி லண்டனிலிருந்து குச்சிகள் அனுப்பினார். கபிலநிறப் போத்தலுக்குள் ஐம்பது மெல்லிய பிளாஸ்டிக் குச்சிகள். ஒவ்வொன்றின் நுனியிலும் நகக்கண் அளவு ரோஸ் நிறத் தாள். நனைத்து எடுத்துப் பத்து எண்ண வேண்டும். ஊதாவாக மாறினால் சீனி. அவ்வளவுதான் வேலை.

"இது எப்பிடி டொக்டர்? நெருப்பும் இல்ல, மருந்தும் இல்ல?" என்று கேட்டாள்.

டொக்டர் முனாப் அவளுடைய வாப்பாவின் தொழிலை அறிந்தவர். அந்தக் கணக்கிலேயே சொன்னார். "நீலத்தண்ணி கரைவலை மாதிரி. மீன், நண்டு, சாதாளைப் பாசி எல்லாத்தையும் அள்ளிரும். இந்தத் தாளில இரிக்கிறது தூண்டில். நொதியம் எண்டு படிச்சிருப்பாய், பூஞ்சணத்தில இருந்து எடுத்து இந்தத் தாளில ஒட்டி வெச்சிருக்காங்க. நனைச்சாலும் கரைஞ்சு ஓடாது, இருந்த இடத்தில இருந்துக்கு வேல செய்யும். அது குளுக்கோசத் தவிர வேற ஒண்டையும் தொடாது. பிடிச்சா ஒரு சாமான் உண்டாகும். பக்கத்தில இன்னொரு நொதியம் இரிக்கி. அது அந்தச் சாமானை வெச்சுச் சாயத்த ஊதாவாக்கும்."

"அப்ப சாயம்தான் மிதப்பு."

"ஓம். மீன் கடிச்சா மிதப்பு ஆடும்."

அவளுக்கு அது பிடித்துப்போனது. கருவாட்டுக்காரன் பெண்சாதிக்கு ஈரம் என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. மாரிக் காற்றில் உப்பே தண்ணீராய்ப் போகிற ஊர். வறுத்த அரிசியைத் துணிப் பையில் கட்டி, குச்சிப் போத்தலை அதனோடு தகர டின்னுக்குள் வைத்து இறுக்கி மூடினாள். குச்சியைக் கையால் தொட்டால் டொக்டரைக்கூட ஏசுவாள்.

குச்சியின் மேல் அவளுக்கு வந்த நம்பிக்கைக்கு ஒரு காரணம் இருந்தது. பெரியநீலாவணையிலிருந்து ஒரு மீனவப் பெண் வந்தாள், பிள்ளை பெற்று இரண்டு மாதம். நீலத்தண்ணி பச்சையாகி மஞ்சளானது. சீனி வருத்தம் என்று எழுதப் போன நேரம் டொக்டர் குச்சியையும் போட்டுப் பார்க்கச் சொன்னார். பத்து எண்ணியும் ரோஸ் ரோஸாகவே நின்றது. "பால் குடுக்கிற பொம்புள. சலத்தில பால்சீனி போகுது. கரைவலை அதையும் அள்ளிப்போட்டுது, தூண்டில் தொடல்ல" என்றார் டொக்டர். அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு வருத்தமும் இல்லை. அன்றைக்கே கைருன்னிஸா ஸ்பிரிட் லாம்பைக் கழுவி அலுமாரியின் அடித்தட்டில் தள்ளினாள். அன்றிலிருந்து வருகிற ஆட்களிடம் ஒரு வசனம் சொல்லத் தொடங்கினாள்: "குச்சி பொய் சொல்லாது."

எண்பத்து நாலாம் ஆண்டு, மாரிக்கு முந்தி, மருதமுனையிலிருந்து ஸுலைஹா தன் மகள் ஸம்ஸியாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தாயும் மகளும் ஒரே வீடு. மாப்பிள்ளை றஸாக்கும் அங்கேதான், பெண் வீட்டோடு இருக்கிற எங்கள் பக்கத்து வழமைப்படி. அவன் தறியில் இருப்பான். ஸுலைஹா நூல் அவித்து, வெளுத்து, சாயம் போட்டுக் கொடுப்பாள். புருஷன் மௌத்தாகிப் போய்ச் சேர்ந்த பிறகு மூன்று தறியை ஒற்றைக் கையால் ஓட்டிய மனுஷி. அவள் வெளுத்த நூலில் ஒரு மஞ்சள் பொட்டுக் காண ஏலாது என்று மருதமுனையே சொல்லும்.

ஸம்ஸியாவுக்கு வயது இருபத்தாறு, வயிற்றில் ஐந்து மாதம், மூன்றாவது பிள்ளை. முதல் பிள்ளை மாதம் நிறைந்து, பெரிதாய், உயிரில்லாமல் பிறந்தது. இரண்டாவது ஒரு பகல் இருந்தது. டொக்டர் முனாப் கதையைக் கேட்டுவிட்டுத் தாடியைச் சொறிந்தார்.

"பெரிய புள்ளையாப் பிறந்து மௌத்தாப் போறதெண்டா, தாய்க்குச் சீனி இரிக்கலாம். பாக்க வேணும். இந்தப் புள்ளையையாவது காப்பாத்தணும்."

ஸம்ஸியா வயிற்றின் மேல் முந்தானையை இழுத்து விட்டாள்.

அன்று கொண்டுவந்த போத்தல் தேன் போத்தல். கைருன்னிஸா குச்சியை நனைத்து எண்ணினாள். பத்தாவது எண்ணில் ஊதா வந்தது. போத்தலின் கழுத்தைப் பார்த்தாள், பிசுபிசுப்பு. "ராத்தா, தேன்ல குளுக்கோசு நிறைய இரிக்கி. பொட்டு ஒட்டியிருந்தாலும் காட்டிரும். அடுத்த கிழமை போத்தல நல்லாக் கழுவி, துப்புரவாக் கொண்டு வாங்க."

ஸுலைஹாவின் முகம் சிவந்தது. சுத்தத்தில் குறை என்று வாழ்நாளில் முதல் தரம் கேட்கிறாள், அதுவும் நாலு பேர் இருக்கிற இடத்தில். "கொண்டு வாறன் மிஸி" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த திங்கள் அதே போத்தல் வந்தது. கண்ணாடி பளபளத்தது. கைருன்னிஸா குச்சியை விட்டு எடுத்தாள். "ஒண்டு" என்று சொல்லக்கூட வாய் திறக்கவில்லை, தாள் ஊதாவாய் நின்றது. அவள் அப்படி ஒரு வேகத்தை அதற்கு முன் கண்டதில்லை. யா அல்லாஹ், இவ்வளவு சீனியா என்று நினைத்தாள். போத்தலின் அடியில் கொஞ்சம் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. பிள்ளைத்தாச்சியின் சலத்தில் அப்படி வண்டல் விழுவது வழமை என்று அதையும் விட்டுவிட்டாள். போத்தல் சுத்தம், நிறம் கடுமை, இனி என்ன சந்தேகம்? ரெஜிஸ்டரில் நாலு கூட்டல் குறி போட்டாள். நாலுக்கு மேல் போட இடம் இல்லை.

டொக்டர் சாப்பாட்டை வெட்டினார். சீனி, சர்க்கரை, பழம் கூடாது. சோறு ஒரு பிடி. குரக்கன் பிட்டு, கீரை, பாகற்காய், மீன். ஒவ்வொரு திங்களும் போத்தல். இரத்தத்தில் பார்ப்பதென்றால் மட்டக்களப்புக்குப் போக வேண்டும். நாட்டில் குழப்பம் தொடங்கியிருந்த அந்த மாதங்களில் பஸ் ஓடினால்தான் ஓட்டம்; போன ஆள் அன்றைக்கே திரும்புவார் என்று யாரும் சொல்ல ஏலாது. பிள்ளைத்தாச்சியை எந்த நம்பிக்கையில் அனுப்புவது? ஆகவே எல்லாம் குச்சியின் தலையில் வந்து விழுந்தது.

ஆறு கிழமை போனது. ஆறு திங்களும் போத்தல் வந்தது, ஆறு திங்களும் தாள் உடனே ஊதாவானது. ஸம்ஸியாவின் கன்னம் உள்ளே போனது, கண் வெளியே வந்தது. வயிறு மட்டும் வளர மறுத்தது. டொக்டர் வயிற்றை அளந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "புள்ள வளருதில்ல. சீனியும் குறையுதில்ல. களவாத் தின்னுறாளோ தெரியா."

அந்த ஒரு சொல் போதும். ஸுலைஹா சீனி டின்னை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகினாள். மகளுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தாள். அயல் வீட்டுக் கலியாணத்திலிருந்து வந்த சர்க்கரை வட்டிலப்பத்தைப் படலை வாசலில் வைத்தே திருப்பி அனுப்பினாள். மகள் குசினிப் பக்கம் போனால் பின்னால் போவாள். மகள் வாயைத் துடைத்தால், "என்னத்தத் தின்டாய்?" என்பாள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது சும்மா சொன்ன சொல்லா? பெற்றவளுக்கும் மகளின் வாய்க்குள் நடப்பது தெரியாது. குச்சிக்குத் தெரியும் என்று டிஸ்பென்சரியில் சொல்கிறார்களே.

ஆறாவது திங்கள் ஸம்ஸியா கைருன்னிஸாவின் மேசைக்கு முன்னால் அழுதாள்.

"மிஸி, அல்லாஹ் மேல ஆணையாச் சொல்றன், நான் சீனியக் கண்ணாலயும் காணல்ல. பசியில நித்திர வருதில்ல. நீங்களாவது உம்மாக்கிட்டச் சொல்லுங்க."

கைருன்னிஸாவுக்கு இரக்கம் வரத்தான் செய்தது. ஆனால் மேசையில் ஊதாக் குச்சி கிடந்தது. "புள்ள, குச்சி பொய் சொல்லாது. மனுசன்ட வாய்தான் சொல்லும். வகுத்தில கிடக்கிறதயாவது நினைச்சுப் பாருங்க" என்றாள். பின்னாளில் இந்த வசனத்தை நினைக்கும் போதெல்லாம் அவளுக்கு நாக்கைப் பிடுங்கி எறியலாம் போல இருக்கும். அந்த நேரத்தில் நல்ல புத்தி சொல்கிறோம் என்ற நினைப்புத்தான் இருந்தது.

டொக்டர் முடிவெடுத்தார்: அடுத்த திங்கள் முதல் இன்சுலின் ஊசி. சீனி உள்ள உடம்புக்கு அது உயிர். சீனி இல்லாத உடம்பில், அதுவும் பட்டினி கிடக்கிற பிள்ளைத்தாச்சியில் ஏற்றினால், தாய் மயங்கி விழுவாள். பிள்ளை போனாலும் போகும். இது டொக்டருக்கும் தெரியும், கைருன்னிஸாவுக்கும் தெரியும். அந்தப் பயம் இரண்டு பேருக்கும் வரவில்லை, ஏனென்றால் நாலு கூட்டல் குறி இருந்தது.

அந்தத் திங்கள் மழை. தாயும் மகளும் பஸ்ஸால் இறங்கும்போது மிதிபலகையில் ஸுலைஹாவுக்குக் கால் சறுக்கியது. ஆளுக்கு ஒன்றும் இல்லை. பையில் இருந்த போத்தல் நொறுங்கிப்போனது. டிஸ்பென்சரிக்கு நனைந்த பையோடு வந்து, செய்யக்கூடாத குற்றம் செய்தவள் போல ஸுலைஹா நின்றாள்.

"அதுக்கென்ன ராத்தா, இஞ்ச இரிக்கி" என்று கைருன்னிஸா ஊசி மருந்துக்கு அவித்து வைத்திருந்த சின்னக் கண்ணாடிக் கோப்பை ஒன்றை எடுத்து ஸம்ஸியாவின் கையில் கொடுத்து, பின் கக்கூசுக்கு அனுப்பினாள். உள் அறையில் ஊசி கொதித்துக்கொண்டிருந்தது. டொக்டர் ஐஸ் பெட்டியிலிருந்து இன்சுலின் குப்பியை எடுத்து உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கிக்கொண்டிருந்தார்.

கோப்பை வந்தது. குச்சியை நனைத்து எடுத்தாள். ரோஸ். எண்ணத் தொடங்கினாள். ஐந்து, ஆறு, பத்து. ரோஸ். இருபது வரை எண்ணினாள், தாள் அசையவில்லை.

மாரி ஈரத்தில் குச்சி செத்துப்போச்சு என்றுதான் முதலில் நினைத்தாள். டிஸ்பென்சரியில் இருந்த குளுக்கோசு மாவைத் தண்ணீரில் கரைத்து இன்னொரு குச்சியை விட்டாள். எட்டு, ஒன்பது, பத்து. ஊதா மெல்ல ஏறி வந்தது. குச்சி உயிரோடுதான் இருக்கிறது. மறுபடி கோப்பையில் விட்டாள். ரோஸ்.

"கைருன்னிஸா, ஆள உள்ளுக்கு அனுப்பு" என்று டொக்டர் கூப்பிட்டார்.

"கொஞ்சம் பொறுங்க டொக்டர்."

ஐந்து வருடத்தில் அவள் அவரைப் பொறுக்கச் சொன்னது அதுதான் முதல் தரம். அலுமாரியின் அடித்தட்டிலிருந்து ஸ்பிரிட் லாம்பை எடுத்தாள்; திரி காய்ந்து கிடந்தது. நீலத்தண்ணியை விட்டு, எட்டுத் துளி சேர்த்துக் கொதிக்க வைத்தாள். நீலம், கடல் நீலமாய், கொதித்து ஆறியும் நீலமாகவே நின்றது. குழாயையும் குச்சிகளையும் கொண்டுபோய் டொக்டரின் மேசையில் வைத்தாள்.

டொக்டருக்குக் கோபம் வந்தது. "போன கிழமை நாலு கூட்டல், இந்தக் கிழமை ஒண்டுமில்லையா? இண்டைக்குப் பட்டினியா வந்திருப்பா."

"எண்டைக்கும் பட்டினிதான் டொக்டர்" என்று ஸம்ஸியா கதவடியில் நின்று சொன்னாள்.

அவர் அவளைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். இன்சுலின் குப்பியைத் திரும்ப ஐஸ் பெட்டிக்குள் வைத்தார். "நாளைக்கு வரட்டும். புதுப் போத்தல் கொண்டு வரச் சொல்லு."

அன்று பின்னேரம் கைருன்னிஸா வேலை முடிந்து சாய்ந்தமருதுக்குப் போகிற பஸ்ஸில் ஏறவில்லை. எதிர்ப் பக்கம் மருதமுனை பஸ்ஸில் ஏறினாள். மடியில் குச்சிப் போத்தல். வழி முழுக்க ஒரே ஒரு விஷயம் மண்டைக்குள் குடைந்தது. குளுக்கோசு மாவிலேயே பத்து எண்ண வேண்டியிருந்தது. தேன் போத்தலிலும் பத்துத்தான் எண்ணினாள். ஒட்டி வைத்த நொதியம் பிடிக்கவும் வேண்டும், மாற்றவும் வேண்டும்; அதற்கு அதன் நேரம் வேண்டும். இந்த மனுஷியின் போத்தலில் மட்டும் எண்ண முன்னமே நிறம் வந்தது எப்படி? காற்றடித்தால் மிதப்பு சடாரென்று ஆடும், மீன் இருக்காது என்று வாப்பா சொல்வார். மிதப்பை ஆட்டினது மீன் இல்லை என்றால் வேறென்ன?

ஸுலைஹாவின் வீட்டு வளவில் சீமெந்துத் தொட்டி நிறைய நூல் ஊறிக்கொண்டிருந்தது. அஸர் தொழுதுவிட்டு வந்த ஸுலைஹா, நாளைக்கு என்று ஒரு புதுப் போத்தலைக் கழுவ எடுத்திருந்தாள். முதலில் கிணற்றுத் தண்ணீர், பிறகு சாம்பல், பிறகு திரும்பவும் கிணற்றுத் தண்ணீர். அதன்பிறகு தொட்டிக்குள் போத்தலை அமுக்கி, அந்தத் தண்ணீரைக் கழுத்து வரை நிரப்பிக் கிணற்றுக் கட்டில் நிறுத்தி வைத்தாள்.

"ராத்தா, அது என்ன தண்ணி?"

"வெளுக்கிற தண்ணி மிஸி. பிளீச்சிங் பவுடர் போட்டது. விடிய மட்டும் கிடக்கும், சுபஹுக்கு ஊத்திப்போட்டு மகளுக்கிட்டக் குடுப்பன்."

"ஊத்தின பிறகு கழுவல்லியா?"

"ஏன் கழுவணும்? கிணத்துத் தண்ணியில ஊத்த, அழுக்கு, இரிக்கிம். இதால கழுவினதுக்கு மேல சுத்தம் ஏது? நீங்கதானே எல்லாருக்கும் முன்னால துப்புரவாக் கொண்டு வாங்க எண்டீங்க."

கைருன்னிஸா கொண்டுவந்த குச்சிப் போத்தலைத் திறந்தாள். ஒரு குச்சியை எடுத்துத் தொட்டித் தண்ணீரில் தொட்டாள். எடுக்க முன்னமே ஊதா. ஸம்ஸியா வாசலில் வந்து நின்றாள். தறிச் சத்தம் நின்றது; றஸாக்கும் எட்டிப் பார்த்தான்.

"இதில சீனி இல்லையே மிஸி" என்றாள் ஸுலைஹா.

"ஓம் ராத்தா. இதில சீனி இல்ல." குச்சியை உயர்த்திக் காட்டினாள். "இந்தப் பவுடர் நேராப் போய்ச் சாயத்தப் பிடிச்சு நிறத்த மாத்துது. தாளில ஒட்டியிருக்கிற நொதியம் கைய வைக்கவே இல்ல. போத்தல்ட அடியில கிடந்த வெள்ளப் பொடியும் இதுதான். இந்தப் புள்ளைக்குச் சீனி வருத்தம் இல்ல. ஒரு நாளும் இருக்கல்ல. போத்தல நல்லாக் கழுவுங்க எண்டு சொன்னவள் நான்தான். எதால கழுவினீங்க எண்டு ஒரு நாளும் கேக்கல்ல."

ஸுலைஹா கையிலிருந்த சாம்பலைச் சீலையில் துடைத்தாள், திரும்பத் திரும்பத் துடைத்தாள். பிறகு விடுவிடென்று உள்ளே போனாள். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. சீனி டின்னோடு வந்து மகளின் கையைப் பிடித்துத் தன் மார்பில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"என்ட மகள், என்ன மன்னிச்சுக்க. இப்ப நம்புறன் மகள். உன்ட வாயில பொய் இல்ல. இப்ப நம்புறன்."

ஸம்ஸியா கையை உதறவில்லை. அழவும் இல்லை. தாயின் தலைக்கு மேலால் கைருன்னிஸாவைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"இல்ல உம்மா. இப்பயும் நீங்க நம்புறது குச்சியத்தான்."

கைருன்னிஸா எத்தனையோ பேருக்குக் கெட்ட செய்தி சொன்னவள். அவளுக்கு யாரும் இப்படி ஒன்றைச் சொன்னதில்லை. தலையைக் குனிந்துகொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

மறுநாள் டொக்டர் முனாப் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குச்சிப் பெட்டிக்குள் மடித்துக் கிடந்த பொடி எழுத்துக் கடதாசியை முதல் தரமாக விரித்து வாசித்தார். "பிளீச்சிங் பவுடர் பட்டாலும் நிறம் மாறுமெண்டு எழுதித்தான் இரிக்கி" என்றார். பிறகு ஸம்ஸியாவைக் கூப்பிட்டு இருத்தி, தானே மன்னிப்புக் கேட்டார். சோறு, முட்டை, பால், பழம், ஆசைப்பட்ட எல்லாம் தின்னச் சொன்னார். கைருன்னிஸா கல்முனைக் கடைகளில் ஒரே அளவில் வெறும் போத்தல் அறுபது வாங்கி, அவித்து, மூடி வைத்தாள். அன்றிலிருந்து வீட்டுப் போத்தலைச் சோதனைக்கு வாங்கவில்லை. வழமைப்படி யாராவது கொண்டுவந்தாலும், எதால் கழுவினது என்று கேட்டு எழுதிவிட்டு, தன் போத்தலைக் கொடுத்து அனுப்புவாள். பழைய ரெஜிஸ்டரைப் புரட்டி, வெளுக்கிற தண்ணி வீட்டுக்கு வீடு இருக்கிற மருதமுனையிலிருந்து வந்து கூட்டல் குறி வாங்கிய பதினொரு பேரைத் திரும்பவும் வரவழைத்தாள். ஏழு பேருக்குச் சீனி இருந்தது. நாலு பேருக்கு இல்லை. அந்த நாலு பேரின் வீட்டுக்கும் போய் வாங்கில் இருந்து, நடந்ததைத் தன் வாயால் சொன்னாள். ஒரு வீட்டில் தேத்தண்ணி கொடுத்தார்கள், ஒரு வீட்டில் ஏசினார்கள். இரண்டையும் வாங்கிக்கொண்டாள்.

தை மாதம் ஸம்ஸியாவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. நாலரை இறாத்தல், எலிக்குஞ்சு போல, ஆனால் தொண்டை மட்டும் பெரிய தொண்டை. அல்ஹம்துலில்லாஹ், தங்கியது. முதல் இரண்டும் ஏன் போயின என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சீனியால்தான் என்று சொல்ல ஒரு சாட்சியும் இருக்கவில்லை.

நாற்பது நாள் கழிந்து ஸம்ஸியா பிள்ளையோடு டிஸ்பென்சரிக்கு வந்தாள், தனியாக. டொக்டர் ஒரு முறை சலம் பார்க்கச் சொல்லியிருந்தார். கைருன்னிஸா அவளை இருத்தினாள். போத்தலை எடுக்கவில்லை. அடிமட்டத்தால் ரெஜிஸ்டரில் புதிதாய் ஒரு நிரலுக்குக் கோடு கிழித்தாள்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க புள்ள?"

ஸம்ஸியா விரல் மடித்துச் சொல்லத் தொடங்கினாள். இடியப்பம் ஆறு. பால் சொதி. வாழைப்பழம் ரெண்டு. நேற்று அயல் வீட்டில் குர்ஆன் ஓதிய கத்தத்துக்கு வந்த வட்டிலப்பம் மூன்று துண்டு, இல்லை, நாலு. தேத்தண்ணிக்குச் சீனி மூன்று கரண்டி, உம்மா கையால் போட்டது. அவள் சொல்லச் சொல்லக் கைருன்னிஸா எழுதினாள். நாலு துண்டு என்பதையும் எழுதினாள்.

"குச்சிய வெக்கல்லியா மிஸி?"

"வெக்கிறன். இன்னம் ஏதும் இரிக்கா? சொல்லுங்க."

பிள்ளை மடியில் கிடந்து காலை உதைத்தது. வாங்கில் இருந்தவர்கள் நேரம் போகுது என்று முணுமுணுத்தார்கள். ஸம்ஸியா யோசித்துப் பார்த்தாள்.

"கொஞ்சம் தொதலும்" என்றாள்.

அந்த இனிப்பையும் எழுதிவிட்டுத்தான் கைருன்னிஸா குச்சி டின்னின் மூடியைத் திறந்தாள்.